என் மாமா வாங்காத கோல்கள்

உலகத்தில் இதுவரை பிறந்த கோல்கீப்பர்களிலேயே மிகச் சிறந்தவர் என் மாமாதான். சந்தேகம் இருந்தால் கணக்கைப் பாருங்கள். தேசிய அணியில் பன்னிரண்டு ஆண்டுகள், எண்பத்தேழு சர்வதேசப் போட்டிகள், வாங்கிய கோல் பூஜ்யம். பெனால்டியில் இல்லை, கார்னரில் இல்லை, சொந்த அணிக்காரனே கால் இடறித் தட்டிவிட்டதில்கூட இல்லை. உலகக் கோப்பையைத் தூக்கிய பெரிய பெரிய கைகளெல்லாம் வலைக்குள் குனிந்து பந்தைப் பொறுக்கியிருக்கின்றன. என் மாமாவை அந்த நிலைக்குக் கொண்டுவர எந்த நாட்டாலும் முடியவில்லை.

எப்படிச் சாதித்தார் என்று கேட்கிறீர்களா? ரொம்பச் சுலபம். அந்த எண்பத்தேழில் அவர் ஒரு தடவைகூட ஆடியதில்லை.

ஆம், வாசகப் பெருமக்களே. இன்று நாம் பார்க்கப்போகும் உயிரினத்தின் பெயர் இரண்டாம் கோல்கீப்பர். மைதானத்தின் ஓரத்தில், கூரை போட்ட பெஞ்சில், எப்போதும் பயிற்சியாளரிடமிருந்து மூன்றாவது இடத்தில் இது காணப்படும். இரையைத் தேடி ஓடாது. பகைவரைத் தாக்காது. உட்கார்ந்திருக்கும். மாமா மொத்தம் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருக்கிறார் என்று பெருக்கிப் பார்த்தேன். மூன்று தடவை பெருக்கினேன்; மூன்று விடை வந்தது. எனக்கும் பெருக்கலுக்கும் ஏழாம் வகுப்பிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. மூன்றில் எது பெரியதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. முன்னால் ஓடுகிறவன் களைத்தால் மாற்றுவார்கள், நடுவில் நிற்பவன் சொதப்பினால் மாற்றுவார்கள், பயிற்சியாளருக்கு வீட்டில் சண்டை என்றால்கூட யாரையாவது மாற்றுவார்கள். கோல்கீப்பரை மட்டும் மாற்ற மாட்டார்கள். அவனுக்குக் கால் உடைய வேண்டும். அல்லது சிவப்பு அட்டை கிடைக்க வேண்டும். அல்லது மைதானம் அந்த முனையில் மட்டும் பிளந்து அவனை விழுங்க வேண்டும்.

எங்கள் நாட்டின் முதல் கோல்கீப்பருக்கு 'மலை' என்று பட்டப்பெயர். ஆறடி ஐந்து அங்குலம். பன்னிரண்டு ஆண்டில் அவருக்கு ஒரு தும்மல் வந்ததாகத் தகவல் இல்லை. சரி, ஆளாவது கெட்டவனா, வெறுத்துத் தொலைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தங்கமான மனிதர். மாமாவின் பிறந்தநாளை மாமாவே மறந்தாலும் மலை மறக்க மாட்டார். இப்படிப்பட்டவருக்குக் கால் உடைய வேண்டும் என்று யாரால் வேண்டிக்கொள்ள முடியும்?

இங்கேதான் இந்த உயிரினத்தின் முதல் அடையாளம் வருகிறது. குறித்துக்கொள்ளுங்கள். எதிரணிக்காரன் மோதி மலை கீழே விழுந்தார் என்று வையுங்கள். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பெஞ்சைப் பாருங்கள். மாமா எழுந்திருப்பார், ஆனால் முழுசாக எழுந்திருக்க மாட்டார். பெஞ்சுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விழும், அவ்வளவுதான். முகத்தில் "ஐயோ, அவனுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாதே" என்ற நிஜமான கவலை. முழங்காலில் அப்படி ஒன்றும் இல்லை. முழங்கால் இரண்டும் பள்ளிக்கூட மணி அடித்த குழந்தை மாதிரி துள்ளிக்கொண்டிருக்கும். மலை எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக் கையைக் காட்டுவார். முகம் நிம்மதியாகும். முழங்கால் மெதுவாக மடங்கும். இந்த அரை எழுச்சியை மட்டும் நான் இருநூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

உள்ளூர்ப் போட்டி என்றால் வீட்டுக்காரர்களுக்கு மூன்று பாஸ் வரும். அம்மா, அத்தை, நான். (அம்மா அவருக்கு அக்கா, அத்தை அவருக்கு மனைவி, நான் அவருக்குத் தலைவலி.) எங்கள் இருக்கை பெஞ்சுக்கு நேர் எதிர்ப் பக்கம். எனக்குக் கால்பந்தில் பெரிய ஆர்வமெல்லாம் கிடையாது. பாஸ் இருந்தால் கேன்டீனில் வரிசையில் நிற்க வேண்டாம், அதற்காகத்தான் போவது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மாமாவின் பொற்காலம். மலைக்குப் பயிற்சி கொடுக்கப் பந்து அடிப்பது அவர்தான். முதலில் தரையோடு ஆறு பந்து, பிறகு மார்புக்கு ஆறு, பிறகு மூலைக்கு மூலை. அதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கடைசிப் பந்து கோலாகக் கூடாது. கோலாகிவிட்டால் சகுனம் கெட்டது, கோல்கீப்பருக்குத் தைரியம் போய்விடும். அதனால் கடைசிப் பந்தை நேராகக் கைக்கு அடிக்க வேண்டும். அப்படி அடித்தது தெரியவும் கூடாது. சும்மா கொடுத்தால் மலைக்குக் கோபம் வரும். ஆக, கோலாகிவிடுமோ என்று பயமுறுத்திக்கொண்டே போய்க் கைக்குள் விழ வேண்டும். எண்பத்தேழு தடவை மாமா இதைப் பிசகாமல் செய்திருக்கிறார். உலகத்தில் வேறு யாருக்காவது இந்தத் திறமை இருக்கிறதா? இருந்தாலும் என்ன, இதற்கெல்லாம் கோப்பையா தருகிறார்கள்!

அடுத்த பொற்காலம் இடைவேளை. இரண்டு அணிகளும் உள்ளே போன பிறகு, ஆடாதவர்கள் மைதானத்தில் இறங்கிப் பந்து தட்டலாம். பதினைந்து நிமிடம் அந்தக் கோல் போஸ்ட் மாமாவுடையது. அப்போது அவர் பாய்கிற பாய்ச்சல் இருக்கிறதே! கூட்டம் பார்ப்பதில்லை, கூட்டம் கழிப்பறை வாசலில் நிற்கிறது. ஒருநாள் வேண்டுமென்றே சேற்றில் பாய்ந்து, சட்டையெல்லாம் கறையாக வந்தார். ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது எதிரணிக்காரன் ஒருவன், "ரொம்ப நல்லா ஆடினீங்க" என்று சொல்லிவிட்டான். அந்தச் சட்டையை ஒரு வாரம் துவைக்க விடவில்லை.

"பெஞ்சுல அப்படி என்னங்க சேறு?" என்று அத்தை கேட்டதற்கு, "ஆட்டம்னா அப்படித்தான்" என்று பதில்.

இந்த இனத்தின் பேச்சு மிகவும் குறைவு. மொத்தம் மூன்று வாக்கியம். "நாம எப்பவும் தயாரா இருக்கணும்." "அவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது." "பாப்போம், அடுத்த தடவை." பல் தேய்க்கும்போது ஒன்று, படுக்கும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று. மாற்றிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்தாலும் இந்த உயிரினம் இரண்டாமிடத்தை விடாது. அத்தை கார் ஓட்டினால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கும். பிளம்பர் வந்து குழாயைக் கழற்றினால், அவருக்குப் பின்னால் இன்னொரு ஸ்பேனருடன் நிற்கும். ஒருநாள் பிளம்பர் பொறுக்க முடியாமல், "சார், நீங்களே பாத்துக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டார். மாமா வெலவெலத்துப்போய், "இல்லை இல்லை, நீங்க பாருங்க! உங்களுக்கு ஏதாவது ஆனாத்தான் நான்" என்றார். பிளம்பர் அப்புறம் அந்தப் பக்கமே வருவதில்லை.

பாவம் என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இந்த உலகத்தில் இரண்டாம் கோல்கீப்பரைப் பார்த்தும் ஏங்குகிற ஒரு ஜீவன் உண்டு. மூன்றாம் கோல்கீப்பர். எங்கள் அணியில் அவன் பெயர் 'குட்டி'. இருபத்திரண்டு வயது. தினமும் காலையில் மாமாவுக்குப் போன் செய்வான்.

"அண்ணே, முழங்கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குடா."

"இடுப்பு?"

"அதுவும் நல்லா இருக்குடா."

"அப்படியா..." என்று ஒரு சின்ன இடைவெளி. "சந்தோஷம்ணே."

மாமா போனை வைத்துவிட்டு, "பாசக்காரப் பய" என்பார்.

இதுவரை சிரித்தீர்கள். நானும்தான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கால்பந்துச் சங்க அலுவலகத்தில் நீளமாக ஒரு நடைபாதை. அதன் வலப்பக்கச் சுவர் முழுக்கப் பெயர்கள், வெள்ளைச் சுவரில் நீல எழுத்து. நாட்டுக்காக ஆடிய ஒவ்வொருவரும் அங்கே இருக்கிறார்கள். பாஸ் வாங்க மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். போகும்போதெல்லாம் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் மட்டும் அவருக்குச் செருப்பு வார் அவிழும். குனிந்து கட்டிவிட்டு நிமிரும்போது, எப்போதும் ஒரே பெயருக்கு நேராக நிமிர்வார். அந்த மனிதர் முப்பது ஆண்டுக்கு முன்னால் கடைசி நேரத்தில் உள்ளே இறங்கியிருக்கிறார். இறங்கி நான்கு நொடியில் விசில் ஊதிவிட்டார்கள். நான்கே நொடி. பந்தின் நிழல்கூட அவர்மேல் பட்டிருக்காது. ஆனால் சுவரில் இருக்கிறார்.

ஒருநாள் மாமா மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"சும்மா ஒரு சந்தேகம் சார். எனக்கு இல்லை, தெரிஞ்சவர் ஒருத்தருக்காகக் கேக்கறேன். அணியில இருந்து, எல்லா நாட்டுக்கும் போய், ஆனா இறங்குறதுக்கு மட்டும் வாய்ப்பு அமையலைன்னா... அவங்க பேரை எங்க எழுதுவீங்க?"

குமாஸ்தா நிமிராமலே சொன்னார். "பெஞ்சு கணக்குல வராது சார். ஆட்டம் நடக்கும்போது கோட்டைத் தாண்டி ஒரு காலாவது உள்ள வச்சிருக்கணும்."

"ஒரு கால் போதுமா?"

"ரெண்டும் வச்சா இன்னும் நல்லது."

"அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றார் மாமா.

இது நடந்து மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. சங்கத்தின் முத்திரை போட்ட கடிதம். தங்கள் நீண்ட சேவைக்கு நன்றி, வயது முப்பத்தாறு ஆகிறது, இளைஞர்களுக்கு வழிவிட வேண்டியிருக்கிறது, வரும் உள்ளூர்ப் போட்டியே தங்களுக்குக் கடைசி. மாமா அதை இரண்டு தடவை படித்தார். மடித்தார். சாப்பிட உட்கார்ந்தார். வழக்கமாகச் சாப்பிடும்போது சொல்கிற வாக்கியம் "பாப்போம், அடுத்த தடவை" என்பது. வாயைத் திறந்தார். அத்தை குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மாமா தண்ணீர் குடித்தார்.

அன்று சாயங்காலம் மழை. வெளியே போக வழியில்லை, போன் சார்ஜில் கிடந்தது, பொழுது போகவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் அவ்வளவுதான். பொழுது போகவில்லை. அதனால் ஒரு தாளை எடுத்து, மேலே 'இரண்டாம் கோல்கீப்பர் ரசிகர் பேரவை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பயிற்சியாளருக்கு எழுதினேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் தலைவர் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தங்கள் பெஞ்சை ஒருவரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி இரவு பகலாகப் பாதுகாத்து வருகிறார். அணி அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் முதல் ஆளாக ஓடிவந்து கட்டிப்பிடிப்பவர் அவரே. ஏனென்றால் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும், அவருக்கு வாங்காது. வரும் போட்டியில் அவருக்கு ஒரே ஒரு நிமிடம் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மறுத்தால் பேரவையின் உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேரும் மைதானத்துக்குள் புகுந்து, அவருடைய பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டோம் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

கீழே நாற்பத்தொரு கையெழுத்து. ஆறு பேனா, இரண்டு கை. தச்சர், தபால்காரர், நீச்சல் பயிற்சியாளர், ஓய்வுபெற்ற நீதிபதி என்று சமுதாயத்தின் எல்லாத் தரப்பும் இருந்தார்கள். பல் டாக்டரின் கையெழுத்தை இடது கையால் போட்டேன், அச்சு அசலாக வந்துவிட்டது. மழை விட்டதும் தபாலில் போட்டேன். வம்புக்குத்தான். வேறென்ன?

அந்தக் கடிதத்துக்கு என்ன ஆயிற்று என்பதைக் குட்டி எனக்குச் சொன்னான். பயிற்சியாளரை எல்லோரும் 'விசில்' என்பார்கள். சிரிப்பு என்பது எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அறியாத ஆள். போட்டியன்று உடைமாற்றும் அறையில், எல்லோரும் ஷூ கட்டிக்கொண்டிருக்கும்போது, அதை எடுத்து முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும் சத்தமாகப் படித்திருக்கிறார். நீதிபதி பெயர் வந்தபோது மலை தரையில் உட்கார்ந்து சிரித்தாராம். விசில் மட்டும் சிரிக்கவில்லை. தாளை மடித்துக்கொண்டே, "யாருய்யா இந்தப் பேரவை?" என்று மாமாவைக் கேட்டார்.

"தெரியலை சார்" என்றாராம் மாமா. காது இரண்டும் சிவந்துவிட்டதாம்.

ஆட்டம் தொடங்கியது. நல்ல வெயில். நாற்பதாயிரம் பேர். ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவாக வராது. நாங்கள் எழுபதாவது நிமிடத்தில் இரண்டு கோல் முன்னால், எண்பத்துமூன்றில் மூன்று. மூன்றாவது கோலுக்கும் மாமாதான் முதலில் ஓடினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்போது விசில் எழுந்தார். பெஞ்சைப் பார்த்தார். ஒரு விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

மாமா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

குட்டி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். தினமும் அவர் இடுப்பு வலிக்காதா என்று காத்திருந்த அதே குட்டி. "அண்ணே, உங்களைத்தாண்ணே!" என்று அவன் கத்தியது எதிர்ப் பக்கத்தில் எங்களுக்கே கேட்டது. மாமா ஜாக்கெட்டைக் கழற்றினார். கையுறையை வலது இடது மாற்றி மாட்டினார். கழற்றி மறுபடியும் மாட்டினார். அதுவும் மாறித்தான் இருந்தது. கடைசியில் குட்டி மாட்டிவிட்டான்.

எண்பத்தாறாவது நிமிடம் கோட்டருகே வந்து நின்றுவிட்டார். நடுவரின் உதவியாளர் எண் போட்ட பலகையைத் தலைக்குமேல் தூக்கினார். இனி பந்து ஒரு தடவை வெளியே போக வேண்டும். போனால் ஆள் மாற்றலாம். அதுதான் விதி.

பந்து போகவில்லை.

எங்கள் அணி பன்னிரண்டு ஆண்டில் இப்படி ஆடியதே இல்லை. ஒருவனிடமிருந்து ஒருவனுக்கு, அவனிடமிருந்து இன்னொருவனுக்கு, நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. கூட்டம் ஒவ்வொரு தட்டுக்கும் ஆரவாரம் செய்கிறது. எண்பத்தேழு. எண்பத்தெட்டு. பலகை தூக்கியவருக்குக் கை வலித்து ஒரு தடவை இறக்கி மறுபடி தூக்கினார். மாமா கோட்டுக்கு வெளியே ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலின் கட்டைவிரலால் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு விட்டார். யாரையும் ஒரு சுடுசொல் சொல்லியறியாத என் அத்தை நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"நாசமாப் போறவங்களா! யாராவது பந்தை வெளிய அடிங்கடா! ஏன்டா இன்னிக்குன்னு பாத்து நல்லா ஆடறீங்க!"

எண்பத்தொன்பது. யாரோ பந்தைப் பின்னால் மலைக்குத் தட்டினார்கள். மலை காலால் நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்தார். எதிரணிக்காரன் ஒருவனும் பக்கத்தில் இல்லை. கோட்டோரம் நிற்கிற மாமாவைப் பார்த்தார். அப்புறம் நாலடி பின்னால் போய், ஓடி வந்து, வாழ்க்கையிலேயே மிகக் கேவலமான ஓர் உதை உதைத்தார். பந்து பக்கவாட்டில் பறந்து எங்களுக்கு மூன்று வரிசை பின்னால் ஒருவருடைய காபியில் விழுந்தது. நாற்பதாயிரம் பேரும் ஊ ஊ என்று கேலி செய்தார்கள். மலை அதைக் காதில் வாங்காமல் எங்கள் கோலிலிருந்து கோடு வரைக்கும் ஓடினார். வெளியேறுகிறவன் நடந்துதான் போவான். அவர் நேரம் போகக் கூடாது என்று ஓடினார். மாமாவின் காதில் ஏதோ சொன்னார். கண்ணீரும் கம்பலையுமாக ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அப்புறம் கேட்டபோது மாமா சொன்னது: "இடது போஸ்ட் பக்கம் வெயில் கண்ணுல அடிக்கும், பாத்துக்கோன்னான்."

மாமா கோட்டைத் தாண்டினார். வலது கால். நின்று அதைக் குனிந்து பார்த்தார். பிறகு இடது காலையும் வைத்தார்.

கூடுதல் நேரம் மூன்று நிமிடம் என்றார்கள். மாமா கோலுக்கு ஓடினார். ஓடும்போது தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. ஒரு தடவை எம்பிக் கம்பியைத் தொட்டார். இடது போஸ்டைத் தட்டினார், வலது போஸ்டைத் தட்டினார். கையுறையைத் தொடையில் துடைத்தார். முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்து, "முன்ன ஏறு! முன்ன ஏறு!" என்று ஒரு அதட்டல் போட்டார் பாருங்கள், அந்தக் குரலை எண்பத்தேழு ஆட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை, நான்கு பேரும் பயந்து திரும்பிப் பார்த்தார்கள். கீழுதட்டைக் கடித்தார். நெற்றியில் ஒரு வேர்வைச் சொட்டு, அது மூக்கு வரைக்கும் இறங்கியும் துடைக்கவில்லை. கண் இரண்டும் பெரிதாகத் திறந்திருந்தது, சின்னப் பையன் மாதிரி.

அப்போதுதான் அந்தக் கோல். எதிரணியின் பத்தாம் எண்காரன் முப்பது கெஜத்திலிருந்து அடித்த இடி அது. பந்து காற்றில் இரண்டு தடவை வளைந்து, அந்தரத்தில் ஒரு கணம் யோசித்து, வலது மேல் மூலையில் சிலந்தி கூடு கட்டுகிற இடத்தில் போய்ச் செருகிக்கொண்டது. ஏணி போட்டு ஏறி நின்றிருந்தாலும் எந்த நாட்டுக் கோல்கீப்பரும் தடுத்திருக்க முடியாது. கூட்டம் ஏதோ பெரிதாகச் சத்தம் போட்டது. வியப்பில்தான் இருக்க வேண்டும்.

மாமா வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தார். எடுத்தவர் உடனே எறிந்துவிடவில்லை. சந்தையில் பழம் வாங்குகிறவர் போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். கோல் வாங்கிய கோல்கீப்பர் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரிப்பதை உலகம் அன்றைக்குத்தான் பார்த்தது. விசில் ஊதினார்கள். மூன்றுக்கு ஒன்று. வெற்றி.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே, "ஒண்ணு வாங்கிட்டேன்!" என்று கத்திக்கொண்டு வந்தார். சங்கத்திலிருந்து குமாஸ்தா போன் செய்தாராம். பெயிண்டர் திங்கட்கிழமை வருகிறார், இனிஷியல் முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று கேட்டாராம். அத்தை அழுதுகொண்டே அவருக்குத் தோசை வார்த்தார். ஒன்பது தோசை. மூன்று நிமிடம் ஆடியவனுக்கு இவ்வளவு பசியா என்று நான் கேட்டதற்கு, அத்தை அடுத்த தோசையை அவர் தட்டில் போட்டார்.

ஆகவே, வாசகரே, இந்த உயிரினத்தை இனி எங்கே பார்த்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும். என்ன, கண்ணாடியிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆபீசில் மேனேஜர் நாலு நாள் லீவு என்றதும், "உடம்பைப் பாத்துக்கோங்க சார்" என்று நீங்கள் சொன்னீர்களே, அப்போது உங்கள் நாற்காலிக்கும் உங்களுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது? பேச்சாளர் வராவிட்டால் பேசலாம் என்று சட்டைப்பையில் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறீர்களே, அது எத்தனை வருஷத்துத் தாள்? பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எத்தனை பிரேக் மிதித்திருக்கிறீர்கள்? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் முழங்காலுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். மறுநாள் மத்தியானம் அது. திரும்பி வந்தால், சாப்பாட்டு மேஜையில் என் நோட்டை விரித்துவைத்து மாமா படித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன வாலு இது?"

"வீட்டுப்பாடம்."

"வீட்டுப்பாடத்துல என் முழங்கால் எதுக்கு வருது?"

நான் நோட்டைப் பிடுங்கப் போனேன். கோல்கீப்பர் கையில் இருக்கிற பொருளைப் பிடுங்குவது லேசில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பிளம்பர் வந்த இடத்தில் சிரித்தார். குட்டி வந்த இடத்தில், "அடப்பாவி, இதுக்குத்தான் கேட்டானா!" என்றார். பேரவை வந்த இடத்தில் பல் டாக்டரின் கையெழுத்தைப் பற்றிய வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் கிண்டலுக்குத்தானே எழுதின?"

"பின்ன? பாசத்துலயா எழுதுவாங்க?"

"அதானே. நல்லாத்தான் எழுதியிருக்க." ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "இந்த ஒரு இடம்தான் உதைக்குது. அந்தக் கோல் எந்தப் பக்கம் போச்சுன்னு போட்டிருக்க?"

"வலது மேல் மூலை. என் கண்ணால பாத்தேன்."

"கண்ணால?"

"ரெண்டு கண்ணாலயும்."

சமையலறையில் அத்தை களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மாமா நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"அது என் ரெண்டு காலுக்கும் நடுவுல தரையோட தரையா உருண்டு போச்சு வாலு. தவழ்ற குழந்தை தள்ளிவிட்ட வேகம். ஸ்டேடியமே விழுந்து விழுந்து சிரிச்சுது."

நான் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் தேடினேன்.

"நாப்பதாயிரம் பேரும் பந்தைப் பாத்துட்டிருந்தாங்க," என்றார் மாமா, மேஜைக்கு அடியில் குனிந்து. "நீ எதைப் பாத்துட்டிருந்த?"